கல்லடி வெயிலும் பழைய தொப்பிகளும்

ஏப்ரல் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களுக்குள் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வந்து நிற்கிறது. அந்த நாட்களில் பன்னிரண்டு மணி கடந்து சில நிமிடங்களில் மட்டக்களப்பு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்று பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் காலடிக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கும். ஆகஸ்ட் முடிந்து செப்டம்பர் பிறக்கும்போது மறுபடியும் அதே உச்சி வெயில். இடைப்பட்ட மாதங்களில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசி வயல், வாவி, மனிதர் எல்லாவற்றின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. இப்படிப்பட்ட ஊரில், ஆண்கள் நாம் வெறுந்தலையோடு திரிகிறோம். பெண்கள் குடை விரித்துக்கொள்கிறார்கள். ஆண் ஒருவன் வெயிலுக்குக் குடை பிடித்தால் அவனுக்கு என்ன நோய் என்று கேட்கிறார்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு நடப்பதுதான் ஆண்மை என்று எப்போது முடிவாயிற்று?

நான் தொப்பி அணிகிறவன். பேஸ்போல் தொப்பி அல்ல. சுற்றிவர விளிம்புள்ள, மேலே மடிப்பு வைத்த, ரிப்பன் கட்டிய பழைய காலத்துத் தொப்பி. மாரியில் சாம்பல் நிற ஃபெல்ட் (மயிரைத் திரட்டி அழுத்திய துணி) ஃபெடோரா, கோடையில் பனையோலையில் இழைத்த அதே வடிவம். 1930களிலும் 40களிலும் உலகெங்கும் ஆண்கள் சாதாரணமாக அணிந்த இந்தத் தொப்பிகள் நம் கிழக்குக் கரைக்கு இன்றைக்கும் பொருந்தும் என்பதும், அவற்றை விழாவுக்கல்லாமல் அன்றாடம் அணிய வேண்டும் என்பதும் என் கருத்து. ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊரில் யாருக்குத் தொப்பி அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பார்ப்போம். வெபர் மைதானத்தில் நடுவராக நிற்பவருக்கு அகன்ற விளிம்புத் தொப்பி இருக்கலாம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அறுகம்பேயில் அலைச் சறுக்குக்கு வரும் வெளிநாட்டவர் எதை அணிந்தாலும் கேள்வி இல்லை. வாவியில் தோணி தள்ளுகிறவர், வயலில் நிற்கிறவர், தெருவில் தார் ஊற்றுகிறவர் ஆகியோரும் தலையில் எதையாவது போட்டுக்கொள்ளலாம். ஆனால் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை செய்யும் ஒரு தமிழன் பஸ் நிலையத்தில் ஃபெடோராவோடு நின்றால் அது வேடமாகிவிடுகிறது. மாமாங்கேஸ்வரர் கோயில் வாசலில் பூ விற்கும் ஓர் ஆச்சி என்னை முதலில் கண்டபோது, “என்ன மனே, துரை மாதிரி வந்திருக்கிறாய்?” என்று கேட்டார். கேலிக்காகக் கேட்கவில்லை. தொப்பி என்றால் அவருக்கு வெள்ளைக்காரத் துரையைத்தான் நினைவு வருகிறது. அவர் வயதில் அது நியாயமான நினைவு.

ஆனாலும் அந்த நினைவு பாதிக் கதைதான். நம் பகுதியில் முற்காலத்தில் ஆண்களின் தலை வெறுமையாக இருந்ததில்லை. பெருவயல்களுக்குச் சொந்தக்காரரான போடியார்களுக்குத் தலைப்பாகை இருந்தது. வயலில் இறங்குகிறவருக்குச் சால்வையைச் சுற்றிய தலைக்கட்டு இருந்தது. கொழும்பில் நிற்கும் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் சிலையைப் பாருங்கள். மேற்கத்தியக் கல்வி கற்று, ஆங்கிலேயர் ஆட்சிக்கால நீதிமன்றங்களில் வாதாடிய மனிதர், தலைப்பாகையோடுதான் நிற்கிறார். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கல்முனையிலும் பழைய கலியாணப் படங்களில் மாப்பிள்ளையின் தலையில் கருங்குஞ்சம் தொங்கும் சிவப்புத் துருக்கித் தொப்பியைப் பார்க்கலாம்.

துருக்கித் தொப்பியின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1905 ஆம் ஆண்டு எம். சி. அப்துல் காதர் என்ற முஸ்லிம் வழக்கறிஞர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் வாதாட எழுந்தார். பிரதம நீதியரசர் லேயார்ட் அதை ஏற்கவில்லை. தொப்பியைக் கழற்ற வேண்டும் என்றார். ஆங்கில மரபில் உள்ளே வந்தால் தலையைத் திறப்பது மரியாதை. முஸ்லிம் மரபில் தலையை மூடுவது மரியாதை. அப்துல் காதர் தொப்பியைக் கழற்றாமல் வெளியேறினார். அந்த ஆண்டின் கடைசி நாளில் மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெருங்கூட்டம் கூடியது. பின்னர் தொப்பியோடு நீதிமன்றில் தோன்றும் உரிமை கிடைத்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1925 நவம்பரில், துருக்கியிலேயே அத்தொப்பி சட்டத்தால் தடை செய்யப்பட்டு, ஆண்கள் விளிம்புள்ள ஐரோப்பியத் தொப்பிக்கு மாற்றப்பட்டார்கள். அங்கே அழிந்தது இங்கே வாழ்ந்தது. முஸ்லிம் அரசியல் தலைவர்களான ரி. பி. ஜாயாவின் படத்திலும் ராசிக் பரீதின் படத்திலும் அதே தொப்பி நிமிர்ந்து நிற்கிறது. ஒரு மனிதன் தன் தலையில் எதை வைக்கிறான் என்பதற்காக ஒரு சமூகமே திரண்ட நாடு இது. தொப்பி நமக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

அதே தொப்பியை வைத்து, நம்மிடையே அண்டை மனிதரை வசை பாடிய காலமும் இருந்தது. யுத்த காலத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் தெருவுக்குள் ஒருவர் நுழைய அஞ்சிய ஆண்டுகளில், தலையில் இருப்பதைக் கொண்டே ஆளை அடையாளம் கண்டு பழித்தார்கள். சோதனைச் சாவடிகளில் தலையில் எது இருந்தாலும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு தலைமுறை முழுக்க, கண்ணில் படாமல் இருப்பதே பாதுகாப்பு என்று வளர்ந்தோம். ஆண்கள் தொப்பியை மறந்ததற்கு உலகப் பொதுவான காரணங்கள் இருக்கலாம். நம் ஊரில் இந்தக் காரணமும் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இன்று காத்தான்குடிச் சந்தியில் நான் ஃபெடோராவோடு தேநீர் குடிக்கும்போது, வெள்ளைத் தொப்பி அணிந்த கடைக்காரர் என் தொப்பியைக் கையில் வாங்கி, புரட்டிப் பார்த்து, துணியைப் பற்றிக் கேட்கிறார். அந்தப் பேச்சு எனக்கு மிகவும் வேண்டியிருக்கிறது.

ஐரோப்பியக் குடியேறிகளின் வழிவந்த பறங்கியரையும் சொல்லாமல் விட முடியாது. மட்டக்களப்புப் பறங்கியர் போர்த்துக்கேயக் கிரியோலை வீட்டில் பேசி, தச்சிலும் கொல்லு வேலையிலும் தையலிலும் பேர் வாங்கியவர்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஒழுங்கையில் ஒரு பறங்கித் தச்சர் இருந்தார். கிழமை நாட்களில் அவர் தலையில் மரத்தூள்தான் இருக்கும். ஞாயிறு காலை புளியந்தீவு மரியாள் பேராலயத்துக்குப் போகும்போது பழுப்பு ஃபெல்ட் தொப்பி. எதிரே வரும் பெண்களைக் கண்டால் இரண்டு விரலால் விளிம்பைத் தொட்டு மெல்லத் தூக்குவார். பேராலய வாசற்படியில் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொள்வார். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் இறந்ததும் இந்த ஊரில். அவருடைய தொப்பி எந்தத் துரையின் தொப்பியும் அல்ல. மட்டக்களப்பான் ஒருவனின் தொப்பி.

என் அம்மப்பாவுக்கும் ஒன்று இருந்தது. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் 1949 இல் தொடங்கியபோது அவர் இங்கினியாகலையில் பண்டகசாலைக் காவலராக வேலைக்குச் சேர்ந்தார். அணையைக் கட்டியது மொரிசன் நூட்சன் என்ற அமெரிக்க நிறுவனம். இன்று சேனாநாயக்க சமுத்திரம் என்று அழைக்கப்படும் அந்த நீர்ப்பரப்பு அன்று வெறும் காடும் மண்ணும் இயந்திரங்களும்தான். வேலை முடிந்து ஊருக்குத் திரும்பிய பொறியியலாளர் ஒருவர் தன் தொப்பியை அம்மப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்பது அம்மா சொன்ன கதை. தொப்பியை நான் கண்டதில்லை. 1978 நவம்பர் 23 அன்று அடித்த சூறாவளியில் வீட்டுக் கூரையோடு அதுவும் போயிற்று. மிஞ்சியது ஒரு படம்.

மட்டக்களப்பு ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தது. திரையில் தூணும் பூச்சாடியும் வரைந்திருக்கிறது. அம்மப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். கரை போட்ட வேட்டி, வெள்ளைச் சட்டை, மேலே ஒரு கறுத்தக் கோட், காலில் செருப்பு. தொப்பி அவர் தலையில் இல்லை. வலது முழங்காலின் மேல் வைத்து, விளிம்பை விரல்களால் பிடித்திருக்கிறார். மேல்மடிப்பு ஆழமாக இருக்கிறது. முன்பக்கம் இரண்டு பக்கமும் அழுந்தியிருக்கிறது. பலமுறை விரலால் பிடித்துப் பிடித்துக் கழற்றிய தொப்பிக்கே அப்படி அழுத்தம் விழும். ரிப்பனின் கீழ் விளிம்பு ஓரத்தில் வியர்வைக் கறை கருமையாக ஏறியிருக்கிறது. அதாவது படத்துக்காக வாங்கி வைத்தது அல்ல. அணிந்து திரிந்த தொப்பி. வேட்டிக்கு மேல் கோட்டும், கோட்டுக்குத் துணையாக அமெரிக்கத் தொப்பியும் அவரிடம் எந்தச் சங்கடமும் இல்லாமல் சேர்ந்திருக்கின்றன. பழைய தொப்பியை எப்படி அணிவது என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவது வெளிநாட்டுச் சஞ்சிகைப் படங்களை அல்ல. இந்தப் படத்தைத்தான்.

ஒரேயொரு பழைய தொப்பியை மட்டும் நான் தொடமாட்டேன். சோலா தொப்பி. நீர்நிலைகளில் வளரும் நெட்டியின் தண்டுக்குள் இருக்கும் வெள்ளைச் சோற்றை அடுக்கி ஒட்டி, மேலே துணி போர்த்திச் செய்வார்கள். எடை இல்லை, காற்றோட்டம் உண்டு, வெயிலுக்கு அதைவிட நல்ல தொப்பி கிடைப்பது அரிது. ஆனால் அது குடியேற்ற ஆட்சியின் சின்னமாகிப்போன தொப்பி. எங்கள் முதியவர்களின் நினைவில் சோலா தொப்பி என்றால் காணி அளக்க வந்தவர், வரி கேட்க வந்தவர், வாய்க்கால் அடைத்தவர். அதை அணிந்து ஒரு வயல்காரர் முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. தொப்பியில் குற்றம் இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. சின்னங்களுக்கு வயது போனாலும் அவற்றால் பட்டவர்களுக்கு நினைவு போவதில்லை.

மற்றத் தொப்பிகளின் பிறப்பு வேறு மாதிரியானது. அவற்றில் பல வேலைக்காரரின் தொப்பிகளாகத்தான் தொடங்கின. கடினமான, வட்ட மேல்பகுதி கொண்ட போலர் தொப்பி, 1849 இல் எட்வர்ட் கோக் என்பவர் லண்டன் லொக் நிறுவனத்திடம் கேட்டுச் செய்வித்தது. அவருடைய வேட்டைக்காட்டுக் காவலர்களின் உயரத் தொப்பிகள் தாழ்ந்த கிளைகளில் தட்டி விழுந்துகொண்டிருந்தன. தலையோடு ஒட்டிய, அடிபட்டாலும் நசுங்காத ஒன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஜோன் ஸ்டெட்சன் 1865 இல் பிலடெல்பியாவில் தொடங்கிய தொழில் மாடு மேய்ப்பவர்களின் வெயிலையும் மழையையும் நம்பி வளர்ந்தது. பனாமாத் தொப்பி பிறந்தது எக்குவடோரில். மொன்டிகிறிஸ்டி, குவென்கா ஆகிய ஊர்களில் டொகீயா என்ற செடியின் இலை நாரால் இழைக்கப்பட்டு, பனாமா வழியாக விற்பனைக்குப் போனதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1906 இல் பனாமாக் கால்வாய் வேலையைப் பார்க்கப் போன அமெரிக்க ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட் அத்தொப்பியோடு எடுத்துக்கொண்ட படம் அதை உலகெங்கும் பரப்பியது. 2012 இல் அந்த இழைப்புக் கலையை யுனெஸ்கோ மானிட மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

ஃபெடோராவுக்கோ அரங்கத் தொடர்பு. 1882 இல் பாரிஸில் சாரா பேர்னார்ட் என்ற நடிகை ஃபெடோரா என்ற பாத்திரத்தில் நடித்தார். அவரைப் பார்த்து முதலில் பெண்களே அந்தப் பெயருள்ள தொப்பியை அணிந்தார்கள். 1920களில்தான் அது ஆண்களிடம் நிலைத்தது.

பிறகு எங்கே போயின இந்தத் தொப்பிகள்? ஜோன் கென்னடி 1961 இல் வெறுந்தலையோடு பதவியேற்றதால் தொப்பித் தொழில் அழிந்தது என்று ஒரு கதை ஓயாமல் சொல்லப்படுகிறது. அது சரியல்ல. அன்றைக்கு அவர் உயரமான பட்டுத் தொப்பியோடுதான் வந்தார். சத்தியப்பிரமாணத்துக்கும் உரைக்கும் கழற்றி வைத்தார், அவ்வளவுதான். தொப்பி விற்பனை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சரியத் தொடங்கியிருந்தது. மனிதர்கள் நடப்பதை விட்டுக் கார்களுக்குள் போனார்கள். கார்களின் கூரை தாழ்ந்தது. இரண்டாம் உலகப் போரிலிருந்து வந்த ஆண்கள் தலையில் எதையும் சுமக்க விரும்பவில்லை. ஆனால் இந்தக் காரணங்கள் நமக்கு எவ்வளவு பொருந்தும்? மட்டக்களப்பில் இன்னும் பெருந்தொகையானவர்கள் சைக்கிளில் போகிறார்கள், நடக்கிறார்கள், பஸ்ஸுக்காக வெயிலில் நிற்கிறார்கள். தொப்பியைக் கைவிடக் காரணமே இல்லாத ஊர், அமெரிக்காவோடு சேர்ந்து கைவிட்டிருக்கிறது.

வெயில் என்பது வெறும் அசௌகரியம் அல்ல. புற ஊதாக் கதிர்ச் சுட்டெண் 11 ஐத் தொட்டால் மிகக் கடுமை என்று வகுத்திருக்கிறார்கள். நம் நாட்டில் அது ஆண்டின் பல நாட்களில் அதைத் தாண்டுகிறது. கண்ணில் புரை விழுவதற்கு இந்தக் கதிர்களும் ஒரு காரணம். அவுஸ்திரேலியப் புற்றுநோய்ச் சங்கம் பெரியவர்களின் தொப்பிக்குக் குறைந்தது 7.5 சென்ரிமீற்றர் விளிம்பு வேண்டும் என்கிறது. பேஸ்போல் தொப்பி நெற்றியை மட்டும் காக்கும். காதும் பிடரியும் எரியும். இன்றைக்கு நாகரிகம் என்று விற்கப்படும் ஒடுங்கிய விளிம்புத் தொப்பிகளும் வீண். 1940களின் ஃபெடோராவில் விளிம்பு ஆறு, ஏழு சென்ரிமீற்றர் வரை போகும். என் பரிந்துரை அந்த அளவை இன்னும் சற்றே கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது.

இனி ஃபெல்ட்டைப் பற்றி. என்னிடம் உள்ள சாம்பல் தொப்பி, ரொறன்ரோவிலிருக்கும் மச்சான் அனுப்பியது. முயல் மயிரில் செய்தது. தையல்காரர் நாடாவைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே தலையைச் சுற்றிப் பிடித்து அளந்து சொன்னேன்: 57 சென்ரிமீற்றர். அமெரிக்க அளவில் அது ஏழும் எட்டில் ஒன்றும். ஆங்கிலேய அளவில் ஏழு. இணையத்தில் வாங்குகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். உள்ளே சுற்றிவரத் தோல்பட்டி. அதன் இரண்டு முனைகளும் சேரும் பின்பக்கத்தில் ஒரு சிறிய முடிச்சு. தொப்பியின் பின்பக்கம் எது என்று அதைத் தடவியே அறியலாம். வெளி ரிப்பனின் முடிச்சு இடது பக்கம்.

உண்மையிலேயே பழைய, இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட ஃபெல்ட் தொப்பி கிடைத்தால் வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். தலையில் வைக்க வேண்டாம். அக்காலத்தில் மயிரை ஃபெல்ட்டாகத் திரட்டப் பாதரசக் கரைசல் பயன்படுத்தினார்கள். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுங்கியது, மனம் குழம்பியது, பல் உதிர்ந்தது. அமெரிக்காவின் டான்பரி என்ற தொப்பி நகரத்தில் அந்த நடுக்கத்துக்கு ஊரின் பெயரையே வைத்தார்கள். 1941 இல்தான் அங்கே தொப்பித் தொழிலில் பாதரசம் நிறுத்தப்பட்டது. அருங்காட்சியகங்களில் உள்ள பழைய தொப்பிகளில் இன்னும் பாதரசம் தங்கியிருப்பதைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. நான் விரும்புவது பழைய வடிவம். பழைய நஞ்சு அல்ல. அந்தத் தொழிலாளர்களை நினைக்காமல் ஒரு ஃபெல்ட் தொப்பியைக் கையில் எடுக்க எனக்கு முடிவதில்லை.

புதிய ஃபெல்ட்டாக இருந்தாலும் நம் காலநிலை அதற்குப் பகைதான். வாவிக்கரை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், அந்துப்பூச்சி துளையிடும். நான் செய்வது இது. மழையில் நனைந்தால் தோல்பட்டியை வெளியே புரட்டிவிட்டு, நிழலில், காற்றில் காயவிடுவேன். அடுப்புக்கோ வெயிலுக்கோ அருகில் வைத்தால் தோல் சுருங்கித் தொப்பி சிறுத்துவிடும். காய்ந்த பின் மெல்லிய தூரிகையால் மயிர் படிந்த போக்கிலேயே, இடஞ்சுழியாகத் துடைப்பேன். வடிவம் குலைந்தால் கேத்தல் கொதிக்கும்போது மூக்கிலிருந்து வரும் ஆவியில் சில விநாடிகள் காட்டி, ஃபெல்ட் இளகியதும் மடிப்பை விரலால் அழுத்தி, குளிரும் வரை பிடித்துக்கொள்வேன். கழற்றி வைக்கும்போது எப்போதும் தலைகீழாக. விளிம்பில் நிறுத்தினால் விளிம்பு தட்டையாகிவிடும். பெட்டிக்குள் காய்ந்த வேப்பிலை. அவ்வளவு பாடுபட்டாலும் ஃபெல்ட் நமக்கு நவம்பர் முதல் பெப்ரவரி வரைதான். வாடைக்காற்றும் தூறலுமாக இருக்கும் அந்த மாதங்களில் அது மிகச் சுகமானது. மார்ச் பிறந்தால் எடுத்து வைத்துவிட வேண்டும்.

மார்ச்சுக்குப் பிறகு பனை. இங்கேதான் என் ஆசை முழுக்க இருக்கிறது. எக்குவடோரில் டொகீயா இருக்கிறதென்றால் நம் கரையில் பனை இருக்கிறது. பனையோலைத் தொப்பி நமக்குப் புதிதல்ல. ஆனால் கைப்பணிக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிக்கானவை. ஒரே வடிவம், ஒரே அளவு, சாயம் பூசிய பூ. தலைக்கேற்ற அளவில், ஃபெடோரா மடிப்போடு ஒன்று வேண்டும் என்று கிரான்குளம் பக்கம் பாயும் பெட்டியும் இழைக்கும் ஓர் அக்காவிடம் போனேன்.

அக்கா குருத்தோலையைத்தான் எடுப்பார். விரியாத இளம் ஓலை. வெயிலில் உலர்த்தினால் வெளிறிய தந்த நிறத்துக்கு வரும். ஈர்க்கை நீக்கி, ஓலையைச் சின்னக் கத்தியின் நுனியால் வார்ந்து, ஒரே அகலமான இழைகளாக்குகிறார். கண்ணால்தான் அளவு, ஒரு இழைக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு காண என்னால் முடியவில்லை. தொப்பியின் உச்சி நடுவிலிருந்து இழைப்புத் தொடங்குகிறது. நான்கு நான்காகக் குறுக்கே வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக எடுத்துப் போட்டு, வட்டம் விரிய விரியப் புதிய இழைகளை இடையில் செருகுகிறார். காலையில் பனி இருக்கும்போதுதான் வேலை. வெயில் ஏறினால் ஓலை முறுகி வெடிக்கும் என்று சொல்லி, பக்கத்தில் வைத்த ஈரத்துணியால் அடிக்கடி விரலை நனைத்துக்கொள்கிறார். மொன்டிகிறிஸ்டியிலும் நல்ல தொப்பிகளை வெயில் ஏறுமுன் அல்லது சாய்ந்த பின்தான் இழைக்கிறார்கள். இரண்டு பெருங்கடல்களுக்கு அப்பாலுள்ள இரண்டு ஊர்களில் கைகள் ஒரே நேரத்தைத் தேர்ந்திருக்கின்றன.

உச்சியிலிருந்து பக்கச் சுவர் இறங்கும் இடத்தில் சிக்கல் வந்தது. பெட்டி இழைக்கிறவர் மூலையைச் சதுரமாக மடக்குவார்; தலை சதுரம் இல்லை. வடிவம் பிடிக்க ஓர் அச்சு வேண்டும். அந்தப் பறங்கித் தச்சரின் பேரன் இப்போதும் கடைசல் வேலை செய்கிறார். அவரிடம் போய், என் தலையின் அளவில், முன்பின் நீண்ட முட்டை வடிவில், மாமரக் கட்டையில் ஓர் அச்சுச் செய்யச் சொன்னேன். உச்சியில் மடிப்புக்காக ஒரு பள்ளம். தலை அச்சு என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. தாத்தாவின் தொப்பி அவருக்கும் நினைவிருந்தது. காசு வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தேன்.

அந்தக் கட்டையின் மேல் அக்கா இழைத்த தொப்பி இப்போது என் கோடைத் தொப்பி. விளிம்பு எட்டு சென்ரிமீற்றர்; ஓரம் இரட்டையாக மடக்கிப் பொத்தியது. உள்ளே பருத்தித் துணிப் பட்டி, கழற்றித் துவைக்கலாம். ரிப்பனுக்குப் பதிலாக மருதமுனைக் கைத்தறித் துணியில் ஒரு கீற்று, கரும்பச்சை. இழைகளுக்கிடையே காற்று போகும். உச்சி வெயிலில் கல்லடியிலிருந்து கோட்டைமுனை வரை சைக்கிளில் வந்தாலும் நெற்றி நனைவதில்லை.

கல்லடியில் ஒரு தொல்லை உண்டு. புதிய பாலம் வந்த பின் பழைய இரும்புப் பாலம் நடப்பவர்களுக்காகிவிட்டது. மாலையில் அங்கே காற்று வாங்கப் போகிறவர்கள் பலர். அந்தக் காற்று தொப்பியை வாவிக்குள் கொண்டுபோகக் கூடியது. பழைய தொப்பிக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. ரிப்பனைச் சுற்றி ஒரு மெல்லிய இறப்பர் நூல், நுனியில் ஒரு பொத்தான். காற்றடிக்கும் இடத்தில் அந்தப் பொத்தானைச் சட்டையின் பொத்தான் துளையில் மாட்டிக்கொள்வார்கள். தொப்பி பறந்தாலும் நூலில் தொங்கும். எந்தத் தையல்காரரும் பத்து நிமிடத்தில் செய்து தருவார்.

மோட்டார் சைக்கிளில் போகும்போது தலைக்கவசம்தான். அதில் பேச்சுக்கே இடமில்லை. தொப்பியைத் துணிப்பையில் தலைகீழாகப் போட்டுக் கைபிடியில் மாட்டிக்கொள்ளலாம்.

எதோடு அணிவது என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது: நீங்கள் இப்போது அணிவதோடு. வேட்டி, சாரம், அரைக்கைச் சட்டை, காற்சட்டை எல்லாம் சரி. தொப்பிக்காக மூன்று துண்டு சூட்டும் பைக்கடிகாரச் சங்கிலியும் தேடிப் போகிறவர்கள் நம் வெயிலில் ஒருநாள் அணிவார்கள், மறுநாள் விட்டுவிடுவார்கள். அப்படி அணியும்போதுதான் அது வேடமாகிறது. தொப்பி பழையதாக இருக்கட்டும். மற்றதெல்லாம் இன்றையதாக இருக்கட்டும். ஒரு மாதம் விடாமல் அணிந்தால் தெருவும் பழகிவிடும், தலையும் பழகிவிடும். பூ விற்கும் ஆச்சி இப்போது தொப்பி இல்லாமல் போனால்தான் கேட்கிறார்.

எங்கே கழற்றுவது என்பதை நம் ஊர் வழக்கமே சொல்லித் தருகிறது, வெளிநாட்டு ஒழுங்குப் புத்தகம் தேவையில்லை. பெரியவரைக் கண்டால் தோளிலிருக்கும் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டியவர்கள் நம் முன்னோர். கண்ணகி அம்மன் சடங்குக்குப் போகிறவர் தலைக்கட்டை அவிழ்த்துவிட்டுத்தான் வாசலுக்குள் நுழைவார். அதே இடங்களில் தொப்பியும் இறங்க வேண்டும்: கோயில் வீதி, தேவாலயம், சாவீடு, தேசிய கீதம், பெரியவர் முன்னிலை, சாப்பாட்டுப் பந்தி. பள்ளிவாசல் நிகழ்வுக்கு அழைத்தார்கள் என்றால் முன்னால் இருப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள். அங்கே மூடிய தலைதான் மரியாதை. காரைதீவிலிருந்து சாய்ந்தமருதுவுக்குச் சிறிது தூரம்தான். அந்தத் தூரத்துக்குள் ஒரே தொப்பியைக் கழற்றவும் போடவும் தெரிந்தவன் இந்தக் கரையை அறிந்தவன்.

பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி தை, மாசியில் வருகிறது. நாள் முழுக்க மைதானத்தில் நிற்கும் ஆசிரியர்கள் என்னிடம் தொப்பி பற்றிக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அக்கா அச்சு இல்லாமல் இழைக்க மாட்டேன் என்கிறார். ஒரு அச்சு ஒரு அளவுக்குத்தான். 55 இலும் 59 இலும் இன்னும் இரண்டு கட்டைகள் செய்யத் தச்சரின் பேரன் ஒப்புக்கொண்டிருக்கிறார். மாமரக் கட்டை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், பச்சை மரம் பிளக்கும். மழைக்கு முன் கட்டையைக் கொண்டுவந்து கொடுத்தால் மார்கழிக்குள் கடைந்து தருவதாகச் சொல்கிறார். செங்கலடியில் ஒரு மரக்காலையில் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தக் கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.